மயில் உள்ளானுக்கு ஐந்து வயதுச் சாட்சி

"பாப்பா, தாத்தாகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லணும். காலைல நீ என்ன பார்த்தே?"

மோகன் சார் இப்படிக் கேட்டபோது என் மகள் யாழினியின் வாயில் பாதி இட்லி இருந்தது. மீதிப் பாதி ஸ்வெட்டரில் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிபன் கடை. இரண்டு மேஜைகளை இழுத்து ஒன்றாகப் போட்டு எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோர் கழுத்திலும் பைனாகுலர். சாம்பார் வாளியோடு வந்தவர் எங்களை ஏதோ சர்வே எடுக்க வந்த அதிகாரிகள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினார்.

ஐந்து வயதுக் குழந்தையை எதற்கு விசாரிக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? அவள் சொல்லப்போகும் பதிலை வைத்துத்தான் நான் இனிமேல் பறவை பார்ப்பவளா, அல்லது வெறும் 'ரசிகை'யா என்பது முடிவாக வேண்டும். அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததும் நான்தான். நல்ல அம்மாக்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று இட்லியைப் பிட்டபடி நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிபன் பாக்ஸ் மூடிக்கு நான் பயந்ததைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'எதற்குத்தான் நீங்கள் பயப்பட மாட்டீர்கள்?' என்று கேட்டிருந்தார். யோசித்துப் பார்த்தேன். பறவைகளுக்குப் பயப்பட மாட்டேன். அந்த வீரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஆளுக்குப் பத்து

திருச்சியில் 'பத்துப் பறவை' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஐப்பசியில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும்போது, ஒவ்வொருவரும் அந்த ஆண்டு பார்த்தே தீர வேண்டும் என்று ஏங்கும் பத்துப் பறவைகளின் பெயரை எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே பார்த்த பறவையை எழுதக் கூடாது. மாசி கடைசி ஞாயிறன்று விடியலில் கடைசியாக ஒருமுறை தேடிவிட்டு, எல்லோரும் கூடி, பார்த்ததை அடித்துவிட்டு, பார்க்காததற்கு வருத்தப்பட்டு, பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுக் கலைவோம்.

கேட்க எளிமையாக இருக்கிறது அல்லவா? அப்படித்தான் நானும் சேர்ந்தேன்.

பட்டியல்களைக் காப்பவர் மோகன் சார். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் பல காலம் இருந்தவர், பாய்லர் குழாய் செய்யும் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தன் கையெழுத்து இல்லாமல் ஒரு குழாய்கூட கேட்டைத் தாண்டியதில்லை என்று அவரே சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு குழாய்கள் கிடைக்கவில்லை. நாங்கள் கிடைத்தோம். கார்பன் பேப்பர் வைத்த நீள நோட்டில் பெயர்களை எழுதி, அசலை அவர் வைத்துக்கொண்டு நகலை நம்மிடம் தருவார். இந்தக் காலத்தில் கார்பன் பேப்பர் எங்கே வாங்குகிறார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

அவர் வகுத்த விதி ஒன்றுதான். பறவையைப் பார்த்ததற்குப் போட்டோ வேண்டும். போட்டோ இல்லையென்றால் சாட்சி வேண்டும். இரண்டும் இல்லையென்றால், "நல்ல கனவும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்.

தொடர்ந்து மூன்று பருவம் ஒரு பறவையைக்கூட அடிக்காதவர்களை 'பறவை ரசிகர்கள்' என்ற இன்னொரு குழுவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே தினமும் காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் வரும். எப்போதாவது கிளி படம் வரும். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

எனக்கு இது மூன்றாவது பருவம்.

சுருங்கிய பட்டியல்

கல்யாணத்துக்கு முன்பு நான் எழுதிய பட்டியல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. இருவாச்சி, பூநாரை, வரித்தலை வாத்து என்று போகும். நான்கு மாநிலமும் இரண்டு மலைத்தொடரும் தேவைப்படும் பட்டியல். அதை எழுதியவளுக்கு முதுகு வலி என்றால் என்னவென்று தெரியாது.

யாழினி பிறந்த பிறகு பறவைகளுக்குச் சில தகுதிகளை நிர்ணயித்தேன். காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணிக்குள் வெளியே வர வேண்டும். தென்னூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் அரை மணிக்குள் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் குழந்தை டாக்டர் இருக்க வேண்டும். இத்தனைக்கும் ஒத்துவரும் பறவைகளைத் தேடிப் பார்த்ததில் காகம், மைனா, புறா தேறின. இவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

என் கணவர் சுந்தர் நல்லவர். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அதாவது, அவள் எழாமல் இருக்கும்வரை. எழுந்தால் எனக்கு போன் வரும்.

"பால் எதுல காய்ச்சணும்?"

"பால் காய்ச்சுற பாத்திரத்துல."

"அது எது?"

அந்தச் சத்தத்தில் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த பறவையும் போய்விடும். வீட்டுக்கு வந்தால், "பறவைதானே? யூடியூப்ல பார்த்துக்கலாமே" என்பார். கிரிக்கெட் ஸ்கோரையும் மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் திருப்பிச் சொன்னதில்லை. மனதுக்குள் நிறைய தடவை சொல்லியிருக்கிறேன்.

யாழினி பிறந்த பிறகு என் பட்டியலில் எந்த ஆண்டும் நான் மாற்றாத முதல் பெயர் மயில் உள்ளான். வயல் சேற்றிலும் வாய்க்கால் ஓரப் புல்லிலும் ஒளிந்து வாழும் பறவை. நீள மூக்கு, கண்ணைச் சுற்றி மையை இழுத்துவிட்டது போல ஒரு வெளிர் கோடு. நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது என்பார்கள். வெளிச்சம் வந்தால் மறைந்துகொள்ளும்.

இந்தப் பறவையில் பெண்தான் அழகு. கழுத்தெல்லாம் செம்பு நிறம். முட்டையிட்டதும் அது கிளம்பிவிடும். அடைகாப்பது, குஞ்சுகளை மேய்ப்பது, பக்கத்தில் வருகிறவர்களிடம் சண்டை போடுவது எல்லாம் அப்பா வேலை. இதை முதன்முதலில் படித்தபோது யாழினி பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஒரு கையில் அவள், ஒரு கையில் புத்தகம். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று இங்கே எழுத மாட்டேன். என் மாமியார் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்.

மேலூர் வாய்க்கால்

அந்தக் கடைசி ஞாயிறன்று பார்த்து சுந்தருக்குத் தஞ்சாவூரில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சனிக்கிழமையே போய்விட்டார். எனக்கு இருந்தவை இரண்டே வழிகள். வீட்டிலேயே இருந்துகொண்டு ரோஜாப்பூ வணக்கத்துக்குத் தயாராவது, அல்லது குழந்தையோடு போவது.

யாழினிக்கு வீசிங் உண்டு; வீட்டில் மருந்தைப் புகையாக்கும் நெபுலைசர் மெஷினும் உண்டு. "பனியில கூட்டிட்டுப் போகாதீங்க" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் மாசிப் பனியைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். நிம்மதி வரவில்லை.

இன்ஹேலர், அதை மாட்டும் குழாய், பிளாஸ்கில் வெந்நீர், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு குரங்குக் குல்லா, அது நனைந்தால் இன்னொரு குரங்குக் குல்லா. பைனாகுலருக்குப் பையில் இடமில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மற்றவர்கள் கொள்ளிடக் கரைக்குப் போனார்கள். நான் ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூர்ப் பக்கம் வாய்க்காலைத் தேர்ந்தெடுத்தேன். பறவை அறிவால் அல்ல. அங்கிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

அறுப்பு முடிந்த வயல். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கிப் புல் மண்டியிருந்தது. வாழைத்தோப்புக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. சேறும் வைக்கோலும் சேர்ந்த வாசனை. யாழினி என் துப்பட்டாவைப் பிடித்தபடி நின்றாள். பேசக் கூடாது என்று வீட்டிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன்.

அப்போது புல் அசைந்தது. நீள மூக்கு. மங்கிய பழுப்பு. கண்ணைச் சுற்றி அந்தக் கோடு. மூன்று வினாடி இருக்கும். நான்கோ? போனை எடுத்து அழுத்தினேன். பிறகு பார்த்தால், பச்சையாக ஒரு கலங்கல். வயல் என்றும் சொல்லலாம், பாசி என்றும் சொல்லலாம்.

பறவை புல்லுக்குள் போயிற்று. திரும்ப வரும் என்று தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

பின்னால் ஒரு இருமல்.

ஒரே ஒரு இருமல்தான். ஐந்து வருடம் காத்திருந்த பறவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்டியிட்டேன். குல்லா காதை விட்டு ஏறியிருந்தது. இழுத்துவிட்டு முடிச்சுப் போட்டேன். முடிச்சு சரியில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டேன். அவள் கண்கள் பெரிதாயின. மூச்சு திணறுகிறதோ என்று அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டேன். வேகமாக அடிக்கும் இதயத்தைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை.

"அம்மா..."

"பேசாதே. பனி உள்ள போகும். டிபன் கடைல போய்ப் பேசிக்கலாம்."

எழுந்து திரும்பினேன். புல் இருந்தது. தண்ணீர் இருந்தது. வேறொன்றும் இல்லை.

குறுக்கு விசாரணை

டிபன் கடையில் என் முறை வந்ததும், "மயில் உள்ளான் பார்த்தேன் சார்" என்றேன்.

"போட்டோ?"

போனைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்தார். தென்னூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கல்லூரியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறார். அவருடைய கேமரா லென்ஸுக்குத் தனியாக ரயில் டிக்கெட் எடுக்கலாம்.

"சாதா உள்ளானா இருக்கும்ப்பா," என்றார். "ஆசையா தேடுறவங்களுக்கு எல்லா உள்ளானும் மயில் உள்ளானாத்தான் தெரியும்."

"சாட்சி இருக்காம்மா?" என்றார் மோகன் சார், நோட்டை மூடத் தயாராக.

சாட்சிக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. அவர் எழுதிய விதியில் இருந்த ஒரே ஓட்டை அதுதான். அதில் என் மகளை நுழைத்தேன்.

"யாழினி கூட இருந்தா சார்."

சொன்ன உடனேயே வருத்தப்பட்டேன். அவள் எதையாவது பார்த்தாளா என்றே எனக்குத் தெரியாது. போன வாரம் ஸ்கூல் வேனில் யானை ஏறியதாகச் சொன்னவள் அவள்.

இப்படித்தான் அந்த விசாரணை தொடங்கியது. யாழினி இட்லியை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பப் பேசலாமாம்மா?"

"பேசும்மா."

"அப்பா பறவை பார்த்தேன்."

மேஜையே சிரித்தது. "அப்பா பறவைன்னு உனக்கு எப்படி தெரியும்?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"அதுகூட குட்டி இருந்துச்சு. நாலு. குட்டியை அப்பாதான் பார்த்துக்கும். அம்மா ஊர் சுத்தப் போயிடும்."

"இது உங்க வீட்டுப் பாடம்," என்றார் ஸ்டெல்லா அக்கா என்னிடம். "சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கே. செல்லாது சார்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தூங்க வைக்கும்போதெல்லாம் அந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன்தான். குஞ்சுகள் இருந்தனவா? நான் பார்க்கவில்லையே. யானை மாதிரி இதுவும் ஒன்றோ?

மோகன் சார் கையை உயர்த்தினார். "அப்புறம் என்ன பண்ணுச்சு பாப்பா?"

"நாய் வந்துச்சா... அதுக்குக் கோவம் வந்துடுச்சு."

"எந்த நாய்?" என்றேன் நான்.

"உன் பின்னாடி நின்னுச்சே, பெரிய நாய்."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய நாய் நின்றிருக்கிறது. இதற்காகத் தனியாக ஒரு வாரம் பயப்பட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"கோவம் வந்து, இறக்கைய இப்படி விரிச்சுது, குடை மாதிரி," என்று யாழினி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வளைத்தாள். சட்னி கிண்ணம் கவிழ்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. "உள்ள பொட்டு பொட்டா இருந்துச்சு. மஞ்சப் பொட்டு. வரிசையா. அப்புறம் சத்தம் போட்டுச்சு."

"எப்படி?"

"நெபுலைசர் மாதிரி. ஸ்ஸ்ஸ்ஸ்னு. நாய் ஓடிப் போயிடுச்சு."

மோகன் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"இதை நீங்க சொல்லிக் கொடுத்தீங்களாம்மா?"

"இல்ல சார். எனக்கே தெரியாது. என் புத்தகத்துல அது சும்மா நின்னுட்டு இருக்கிற படம்தான் இருக்கு."

"நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, டவுன்ஷிப்புக்குப் பின்னாடி குட்டையில." அவர் குரல் இறங்கியிருந்தது. "குஞ்சு பக்கத்துல யாராவது வந்தா இதேதான் பண்ணும். இறக்கையை முன்னாடி விரிச்சு, பொட்டைக் காட்டி, சீறும். குழந்தை கற்பனையில வராதும்மா இது."

ஸ்டெல்லா அக்கா தன் லென்ஸை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். அதில் பதினோரு மாதத் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும்.

"பறவை பாஸ்," என்றார் மோகன் சார். பேனாவை எடுத்தார். "உங்க பட்டியல்ல அடிச்சுடறேன். நீங்களும் பார்த்தீங்கதானே, இறக்கை விரிச்சதை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. பறவை அங்கே இருந்தது, நானும் அங்கேதான் இருந்தேன், பத்தடி தூரத்தில். யாழினி சட்னியில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே என் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் பார்க்கவில்லை என்பது அந்த மேஜையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"இல்ல சார். நான் குல்லா கட்டிட்டு இருந்தேன்."

"சரி. அதுக்கு முன்னாடி கண்கோடு பார்த்தேன்னீங்களே. அது போதும். நிச்சயமா பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"நூத்துக்கு நூறு?"

இதைத்தான் அவர் கேட்டிருக்கக் கூடாது. வீட்டைப் பூட்டினேனா என்று நூற்றுக்கு நூறு எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

"தொண்ணூறு," என்றேன். அவர் எழுதப் போகும்போது, "எண்பத்தஞ்சுன்னு வெச்சுக்கலாம்" என்றும் சொன்னேன்.

"அஞ்சு குறைஞ்சாலே நான் குழாயை அனுப்பினதில்லம்மா," என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

புதிய உறுப்பினர்

பார்த்தவர் என்ற இடத்தில் 'செல்வி யாழினி' என்று எழுதினார். குழுவில் இதுவரை யாரும் அடிக்காத பறவை. எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பார் வாளிக்காரரும் தட்டினார். நானும் தட்டினேன். என் வயிற்றில் அப்போது எரிந்ததற்குச் சாம்பார்மீது பழி போட்டேன். ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து, அதுவும் நான் பெற்றதைப் பார்த்து, பொறாமைப்பட்டேன் என்று ஒரு வாரப் பத்திரிகையில் எழுதுவதைவிட அது மரியாதையாக இருக்கும்.

"அப்போ அம்மாவை ரசிகர் குழுவுக்கு மாத்திடறேன். பாப்பாவை இங்க சேர்த்துடறேன்," என்று மோகன் சார் போனை எடுத்தார். "பாப்பா நம்பர்?"

யாழினி என் போனைக் காட்டினாள்.

"என் நம்பர்தான் சார்," என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். இப்படி ஒரு குழாய் அவர் சர்வீஸில் வந்திருக்காது. கடைசியில் என் நம்பரை நீக்கினார், அதே நம்பரை மறுபடி சேர்த்தார். இன்றைக்கும் அந்தக் குழுவில் நான் இருக்கிறேன், யாழினி என்ற பெயரில். வரும் செய்திகளை அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. உத்தர வீதிப் பக்கமிருந்து பூக்கூடைகள் போய்க்கொண்டிருந்தன. யாழினியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து, குல்லாவைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினேன். மாம்பழச் சாலை வந்தபோதுதான் அவள் கேட்டாள்.

"நீ ஏம்மா திரும்பிப் பார்க்கல? நான் கண்ணாலயே காட்டினேனே."

"உனக்குக் குளிருமேன்னுதான்டா."

ஹாரன் சத்தத்துக்கு நடுவே திரும்பி, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள்.

"எனக்குக் குளிரவே இல்லையேம்மா."

வண்டியை ஓரம் கட்டினேன். முடிச்சை அவிழ்த்துக் குல்லாவைக் கழற்றிப் பையில் போட்டேன். வியர்வையில் ஒட்டிக்கிடந்த முடி காற்றில் பிரிந்து பறந்தது. அவள் முகத்தைத் தூக்கிக் காற்றுக்குக் காட்டினாள்.

காவிரிப் பாலம் வரை அப்படியே விட்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.